சிற்றாறு: குற்றாலம் முதல் சீவலப்பேரி வரை போக்கைச் சரியாக வரைவது எப்படி?

கோட்டுவரை கேட்டது:

மாணவர்களுக்கான வட்டாரப் புவியியல் கையேடு ஒன்றுக்குத் தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றின் முழுப் போக்கையும் வரைந்துகொண்டிருக்கிறேன். ஆறு எங்கே தொடங்குகிறது, எந்தெந்த ஓடைகள் சேர்கின்றன, எங்கே முடிகிறது என்று ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும். நான்கு இடத்தில் சிக்கல்.

குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று பல அருவிகள் இருக்கின்றன. இவை எல்லாமே சிற்றாறுதானா, இல்லை ஒன்று மட்டும்தானா?

சேரும் இடம் முக்கூடல் என்று சில குறிப்புகளில் இருக்கிறது, சீவலப்பேரி என்று சிலவற்றில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம். எது சரி?

ஜூனில் அருவியில் தண்ணீர் ஆர்ப்பரிக்கிறது. அதே வாரம் கங்கைகொண்டான் பக்கம் ஆற்றில் வெறும் மணல். தண்ணீர் எங்கே போகிறது? இதைப் படத்தில் எப்படிக் காட்டுவது?

கடைசியாக, க்யூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் உயர மாதிரியை (ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலத்தின் உயரம் தரும் எண் படம்) வைத்து நீர்பிடிப்பு எல்லையை எடுத்தேன். பாபநாசம், மணிமுத்தாறு எல்லாம் உள்ளே வந்துவிட்டன. எங்கே தப்பு?

கூடவே ஒரு சின்னச் சந்தேகம்: செய்தித்தாள் அணை நிலவரத்தில் வரும் ‘சிற்றாறு-1, சிற்றாறு-2’ அணைகளைப் படத்தில் எந்த இடத்தில் குறிக்க வேண்டும்?

---

பொதிகைச்சாரல் பதில்:

கடைசிச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். அந்த இரண்டு அணைகளையும் உங்கள் படத்தில் குறிக்கவே கூடாது. அவை கன்னியாகுமரி மாவட்டத்தில், கோதையாறு பாசனத் தொகுதியில் இருப்பவை. பெயர் ஒன்று, ஆறு வேறு. குற்றாலத்துச் சிற்றாற்றின் முதன்மை ஓட்டத்தில் பெரிய அணையே கிடையாது. அணைகள் இருப்பது அதில் சேரும் ஆறுகளில்தான்: செங்கோட்டைப் பக்கம் குண்டாறு அணை (36 அடி), மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே அடவிநயினார் அணை (132 அடி), கடையநல்லூர்ப் பக்கம் கருப்பாநதி அணை (72 அடி). அணை நிலவரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவை இந்த மூன்றும்தான். தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் முதலில் நிரம்புவது குண்டாறு. கொள்ளளவு சிறியது, மலை மடியிலேயே இருக்கிறது.

இனி அருவிகள். முதன்மைச் சிற்றாறு திரிகூடமலையில் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. மேலிருந்து வரிசையாகத் தேனருவி, செண்பகாதேவி அருவி, பேரருவி. இந்த மூன்றும் ஒரே ஆறு, மூன்று படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரருவியில் தண்ணீர் நேரே அடிவாரத்தில் வந்து விழுவதில்லை. பாறையின் நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான குடைவில் விழுந்து, அங்கே சுழன்று பொங்கி, வேகம் தணிந்த பிறகுதான் கீழே இறங்குகிறது. அந்தக் குடைவு இல்லையென்றால் அடியில் யாரும் நின்று குளிக்க முடியாது.

ஐந்தருவி தனி ஓடை. பேரருவிக்கு மேற்கே இறங்கி ஐந்தருவியாறாக வந்து கீழே சேர்கிறது. பழைய குற்றாலம் இன்னொரு ஓடை, அழுதகண்ணியாறு. அது தெற்கிலிருந்து, அதாவது வலக்கரைப் பக்கமாகச் சேர்கிறது. ஆக, பேரருவிக் கோட்டைத் தடித்த நீலமாகவும் மற்றவற்றை மெல்லிய நீலமாகவும் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஊற்றிலிருந்து பிரிந்தவை போல விசிறியாக வரைந்த படங்களும் உண்டு. அது தலைகீழான தப்பு. மேலே தனித்தனியாகத் தொடங்கிக் கீழே ஒன்று சேர்கின்றன. இதனால்தான் ‘துணையாறு’, ‘கிளையாறு’ என்ற இரண்டு சொற்களையும் கையேட்டில் கவனமாகப் பிரித்து எழுதச் சொல்கிறேன். வந்து சேர்வது துணையாறு, பிரிந்து போவது கிளையாறு. பேச்சில் இரண்டையும் கிளையாறு என்றே சொல்லிவிடுகிறோம்.

குற்றாலம் அடிவாரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர். அதாவது 1,750 மீட்டரிலிருந்து சில கிலோமீட்டருக்குள் 1,500 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு சீவலப்பேரி வரை 70 கிலோமீட்டர் அளவுக்கு ஓடியும் இறக்கம் 130 மீட்டர் சொச்சம்தான், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 மீட்டர். ஆற்றின் மொத்தக் குணத்தையும் இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். போக்குப் படத்துக்குப் பக்கத்தில் நீளவாட்டு வெட்டுமுகம் (ஆற்றின் நீளத்தில் உயரம் எப்படிக் குறைகிறது என்று காட்டும் வரைபடம்) ஒன்று கட்டாயம் போடுங்கள். குத்துக்கோட்டு அளவைப் பெருக்கிக் காட்டினால், எத்தனை மடங்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.

சமவெளியில் ஊர் வரிசை: குற்றாலம், தென்காசி, வீரகேரளம்புதூர், பிறகு மானூர் வட்டத்து ஊர்கள், கங்கைகொண்டான், சீவலப்பேரி. வடக்கிலிருந்து வரும் அனுமன் நதி பண்பொழி, ஆய்க்குடி வழியாக வந்து வீரகேரளம்புதூரில் இடக்கரையில் சேர்கிறது. சிற்றாற்றில் சேர்வதிலேயே பெரியது இதுதான். படத்தில் அந்தக் கூடலுக்குக் கீழே கோட்டின் தடிமனைக் கூட்டலாம்.

---

முத்தாலங்குறி பதில்:

சேரும் இடம் முக்கூடல்தானே? பாப்பாக்குடிக்குப் பக்கத்தில் முக்கூடல் என்று பேரூராட்சியே இருக்கிறது. மூன்று ஆறு கூடுவதால் வந்த பெயர் என்றுதான் படித்திருக்கிறோம்.

---

பொதிகைச்சாரல் பதில்:

அண்ணாச்சி, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முக்கூடல் பேரூராட்சி தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலிக்கு மேற்கே இருக்கிறது. அந்த வட்டாரத்தில் திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்வது கடனாநதி, சிற்றாறு அல்ல. சிற்றாறு சேர்வது திருநெல்வேலியைத் தாண்டி வடகிழக்கே, சீவலப்பேரியில். அங்கேயும் மூன்று கூடுகின்றன: தாமிரபரணி, சிற்றாறு, கயத்தாற்றுப் பக்கமிருந்து வரும் ஓடை. அதனால் சீவலப்பேரிக்கும் முக்கூடல் என்ற பழம்பெயர் உண்டு. பெயரை மட்டும் பார்த்து எழுதிய குறிப்புகள் ஆற்றையே வேறு ஊரில் கொண்டுபோய் முடித்துவிட்டன. கையேட்டில் ‘சீவலப்பேரி’ என்று எழுதி, முக்கூடல் விஷயத்தை அடிக்குறிப்பாகப் போடுங்கள்.

இன்னொரு நல்ல அடையாளம்: சீவலப்பேரியைத் தாண்டியதும் தாமிரபரணி தெற்கே திரும்பி முறப்பநாட்டை நோக்கிப் போகிறது. அந்தத் திருப்பத்துக்கு மேலேதான் உங்கள் கோடு முடிய வேண்டும்.

---

நீர்க்கோடு பதில்:

நீர்பிடிப்பு எல்லைக்கு வருகிறேன். பாபநாசம் உள்ளே வந்துவிட்டது என்று சொன்னதுமே தெரிந்துவிட்டது. வெளியேறும் புள்ளியை, அதாவது நீர்பிடிப்பின் தண்ணீரெல்லாம் வந்து வெளியேறும் இடத்தை, கூடலுக்குக் கீழே, தாமிரபரணியின் மேல் வைத்திருக்கிறீர்கள். அங்கே வைத்தால் மென்பொருள் மேலே உள்ள தாமிரபரணி முழுவதையும் சேர்த்துத்தான் தரும். அது கேட்டதைச் சரியாகச் செய்திருக்கிறது, கேட்டதுதான் தப்பு. புள்ளியைச் சிற்றாற்றின் மேலேயே, கூடலிலிருந்து அரைக் கிலோமீட்டராவது தள்ளி வையுங்கள். 30 மீட்டர் கட்டத்தில் ஒரே ஒரு கட்டம் பிசகினாலும் முடிவு மாறும். ஒன்று தாமிரபரணி முழுக்க வரும், இல்லையென்றால் கரையோரத்தில் நாலு வயல் மட்டும் வரும்.

முழு வரிசையும் சொல்கிறேன். எஸ்ஆர்டிஎம் அல்லது கோப்பர்னிகஸ் 30 மீட்டர் உயர மாதிரியை எடுங்கள். சதுரம் 77.0 முதல் 78.0 கிழக்கு, 8.5 முதல் 9.25 வடக்கு வரை இருக்கட்டும். எல்லையை இறுக்கமாக வெட்டினால் மலைமுகடு அறுந்துபோகும், அதன் பிறகு எதைச் செய்தாலும் சரிவராது. அடுத்து மீட்டரில் அளக்கும் ஆயமுறையான யூடிஎம் 43 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது இபிஎஸ்ஜி 32643-க்கு மாற்றுங்கள். பாகையில் வைத்துக்கொண்டு பரப்பளவு கணக்கிடுவது பலரும் செய்யும் பிழை. பிறகு கிராஸ் கருவிகளில் ஆர்.வாட்டர்ஷெட் ஓட்டி, வடிதிசைப் படத்தையும் (ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று காட்டுவது) ஓடைக்கோடுகளையும் எடுங்கள். ஓடை தொடங்குவதாகக் கொள்ளும் தொடக்க வரம்பு 1,000 கட்டம் என்றால் சுமார் 0.9 சதுர கிலோமீட்டர். மலைப்பகுதிக்கு அது பொருந்தும். சமவெளியில் அதே வரம்பு பொய் ஓடைகளை அள்ளிக் கொட்டும், அங்கே மூன்று நான்கு மடங்காக உயர்த்திப் பாருங்கள். கடைசியாக ஆர்.வாட்டர்.அவுட்லெட்டில் மேலே சொன்ன புள்ளி.

தென்காசிக்குக் கிழக்கே இதன் முடிவை அப்படியே நம்பாதீர்கள். காரணம் குளங்கள். குளத்தின் நீர்ப்பரப்பு உயர மாதிரியில் மட்டமான தட்டாகத் தெரியும். கரை ஒரு மேடு. மென்பொருள் அந்தத் தட்டின் குறுக்கே ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு போடும், அல்லது கரையில் முட்டி அடுத்த ஓடைக்குத் தாவிவிடும். ரயில் பாதை மேடும் நெடுஞ்சாலை மேடும் இதே வேலையைச் செய்யும். பாலத்துக்குக் கீழே தண்ணீர் போவது அதற்குத் தெரியாது. திரையில் இணைகோடுகளாக நாலைந்து நேரான ஓடைகள் ஓடினால் அவற்றில் ஒன்றுகூட நிஜமில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

தீர்வு, ஆற்றுக்கோட்டைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து கையால் வரைந்து, அந்தக் கோட்டின் வழியே உயர மாதிரியை 10 மீட்டர் தாழ்த்திவிட்டு மறுபடி ஓட்டுவது. ஆறு தன் தடத்தை விட்டு வெளியே போகாது. இந்தத் தாழ்த்திய மாதிரியை வைத்து நீளவாட்டு வெட்டுமுகம் எடுத்துவிடாதீர்கள். அதற்கு மூல மாதிரிதான்.

சரிபார்க்கச் சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 நிலவரைபடங்கள் வேண்டும். பழைய எண் முறையில் குற்றாலம், தென்காசி 58 எச்/5, கிழக்கே 58 எச்/9, சீவலப்பேரி 58 எச்/13. மேற்கு முகட்டுக்கு 58 எச்/1, வடக்கே மேக்கரை, கருப்பாநதிப் பக்கத்துக்கு 58 ஜி/4, 58 ஜி/8. புதிய ஓபன் சீரிஸ் தாள்களில் எண் வேறு, ஆனால் கால் பாகைச் சதுரம் அதேதான். சமஉயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று. கோடுகள் ‘வி’ போல மடியும் இடத்தில், கூர்முனை மேட்டை நோக்கி இருந்தால் ஓடை, பள்ளத்தை நோக்கி இருந்தால் முகடு. மேற்கு எல்லையை இப்படிக் கண்ணால் ஒருமுறை தொடர்ந்து பாருங்கள். முகட்டுக்கு அந்தப்பக்கம் விழும் மழை கேரளத்துக் கல்லடையாற்றுக்குப் போகிறது. ஆரியங்காவுக் கணவாயில் முகடு தாழ்ந்திருப்பதால் மென்பொருள் பிசகுவதற்கு வாய்ப்பு அதிகம். அந்த ஓர் இடத்தில் அரை மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தாலும் தகும்.

பழைய படங்களை ஒப்பிடுவதானால் இரண்டு தேதிகள் நினைவிருக்கட்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய திருநெல்வேலி மாவட்டப் படங்களில் அந்தப் பகுதியின் ஓடைகள் எல்லைக்கோட்டில் சட்டென்று நின்றுவிடும். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22. அதற்கு முந்தைய எந்தப் பட்டியலிலும் முழு ஆறும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். இப்போது மேல்பாதி தென்காசி, கீழ்ப்பாதி திருநெல்வேலி.

---

மறுகால் பதில்:

தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் இந்த ஆற்றின் மையம்.

சிற்றாற்றின் குறுக்கே 17 அணைக்கட்டுகள் இருக்கின்றன. தலையணை என்ற அணைக்கட்டில் தொடங்கி பாவூர், மாறாந்தை, வீராணம், மானூர், பள்ளிக்கோட்டை, உக்கிரன்கோட்டை என்று இறங்கிக் கங்கைகொண்டான் வரை. இவை நீரைத் தேக்கிவைக்கும் அணைகள் அல்ல. ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்ந்த சுவர், ஒரு பக்கத்தில் தலைமதகு, அங்கிருந்து ஒரு கால் (வாய்க்கால்). ஆற்றுமட்டத்தைச் சில அடி உயர்த்திக் காலுக்குள் தள்ளுவதுதான் வேலை. அந்தக் கால் போய் ஒரு குளத்தை நிரப்பும். குளம் நிரம்பினால் மறுகால் (உபரிநீர் வழியும் இடம்) வழியே அடுத்த குளத்துக்கு. கடைசிக் குளத்தின் மறுகால் திரும்பவும் ஆற்றிலோ ஓடையிலோ விழும்.

ஜூன், ஜூலையில் சாரல் பெய்வது மலைமேலும் அடிவாரத்திலும் மட்டும். கிழக்கே போகப்போக மழை இல்லை, காற்று மட்டும்தான். ஆகவே அருவியில் வந்ததுதான் மொத்தத் தண்ணீரும். மேல்மடைக்காரர்கள் கார் (தென்மேற்குப் பருவத்து நெல்) சாகுபடிக்குத் திருப்பியது போக மிச்சம் காய்ந்த மணலில் இறங்கிவிடும். கங்கைகொண்டான் வரை வருவதற்கு எதுவும் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை வேறு. வடகிழக்குப் பருவமழை சமவெளியிலேயே பெய்யும், குளங்கள் நிரம்பி மறுகால் பாயும், ஒவ்வோர் அணைக்கட்டின் மேலும் தண்ணீர் வழிந்தோடும். பிசானம் (வடகிழக்குப் பருவத்து நெல் சாகுபடி) முழுக்க அதை நம்பித்தான். மொத்த ஆறும் ஒரே கோடாக ஓடுவது அந்த நாட்களில் மட்டும்.

இதனால் படத்தில் மூன்று விதக் கோடு வேண்டும். இயற்கையான ஆற்றுத்தடம் நீலம். அணைக்கட்டிலிருந்து பிரியும் கால் வேறு நிறம், பச்சை நல்லது. மறுகால் ஓடை புள்ளிக்கோடு. கால் எது, ஓடை எது என்று செயற்கைக்கோள் படத்தில் பிரிப்பது கஷ்டம் என்பார்கள். ஒரு சோதனை போதும். ஓடை எப்போதும் சுற்றியுள்ள நிலத்தைவிடத் தாழ்ந்த இடத்தில் போகும். கால் சமஉயரக் கோட்டை ஒட்டி மேட்டுப் பக்கமாக வளைந்து வளைந்து போகும். அதன் ஒரு கரையில் வயல் பச்சை, மறுகரை வறட்சி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது காலாக இருக்க வாய்ப்பு குறைவு. மானூர்ப் பெரியகுளத்துக்குப் போகும் காலைப் பாருங்கள், நன்றாகத் தெரியும்.

க்யூஜிஐஎஸ் இந்தக் கால்களைச் சிற்றாற்றின் கிளையாறாகக் காட்டினால் நீக்கிவிடாதீர்கள், தனி அடுக்கில் போடுங்கள். சீவலப்பேரியில் ஆற்றைப் பார்த்துவிட்டு ‘சிற்றாறு வற்றிய ஆறு’ என்று எழுதுகிறார்கள். அந்தத் தண்ணீர் வற்றிப்போகவில்லை, குளங்களில் கிடக்கிறது. குளங்களை விட்டுவிட்டு ஆற்றை மட்டும் வரைந்தால் மாணவருக்கு அது எப்படித் தெரியும்?

---

கோட்டுவரை மறுபடி:

புள்ளியைச் சிற்றாற்றின் மேல் நகர்த்தியதும் எல்லை சரியாக வந்துவிட்டது, பாபநாசம் வெளியே போய்விட்டது. மிக்க நன்றி. கால்களுக்குத் தனி அடுக்கு போடுகிறேன். கையேட்டில் செய்முறையாக ஆற்றின் நீரோட்டத்தை அளக்கும் பயிற்சி ஒன்று சேர்க்கலாமா? பெரிய கருவிகள் இல்லாமல் முடியுமா, எந்த இடம் பொருத்தம்?

---

நீர்க்கோடு பதில்:

மிதவை முறை போதும். ஆறு நேராக ஓடும் 20 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். வளைவு, பாறை, பாலத்தூண் எதுவும் நடுவில் வேண்டாம். அணைக்கட்டுக்கு நேர் மேலேயும் வேண்டாம், அங்கே தண்ணீர் தேங்கி நிற்கும். குறுக்கே கயிறு கட்டி ஒரு மீட்டருக்கு ஒரு தரம் ஆழம் எடுத்துச் சராசரி பாருங்கள். பாதி நீர் நிரப்பி மூடிய சிறு பாட்டில் நல்ல மிதவை. தெர்மாகோல் காற்றில் ஓடிவிடும், இந்த வட்டாரக் காற்றில் கேட்கவே வேண்டாம். தொடக்கக் கோட்டுக்குச் சில மீட்டர் மேலேயே மிதவையை விட்டு, கோட்டைத் தொட்டதும் நேரத்தைத் தொடங்குங்கள். ஐந்து முறையாவது, குறுக்கே வெவ்வேறு இடங்களில் விடவேண்டும். நடுவில் மட்டும் விட்டால் வேகம் கூடுதலாகக் காட்டும்.

எடுத்துக்காட்டு: அகலம் 12 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 4.8 சதுர மீட்டர். 20 மீட்டரைக் கடக்க 25 நொடி என்றால் மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.8 மீட்டர். அடியில் உராய்வு இருப்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 0.68. இரண்டையும் பெருக்க நொடிக்கு 3.26 கன மீட்டர், அதாவது சுமார் 115 கன அடி. படுகை கரடுமுரடான கற்களாக இருந்தால் 0.85 அதிகம், 0.75 வரை குறைத்துக்கொள்ளலாம்.

ஓர் அணைக்கட்டுக்கு மேலே ஓர் அளவு, காலில் ஓர் அளவு, அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றில் ஓர் அளவு, மூன்றையும் ஒரே நாளில் எடுத்தால், மறுகால் சொன்னது எண்ணாகவே கிடைக்கும். மேல் அளவுக்கும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்கும் பத்து, பதினைந்து விழுக்காடு வித்தியாசம் வந்தால் முறையின் பிழை என்று விடலாம். அதற்கு மேல் என்றால் மணலில் இறங்குகிறதா, இடையில் மோட்டார் எடுக்கிறதா என்று பாருங்கள்.

---

பொதிகைச்சாரல் பதில்:

இடம் பற்றி ஒன்று. மாணவர்களை அருவிக்கு அருகிலோ அடிவார ஓடைகளிலோ இறக்கவே வேண்டாம். மேலே சொன்ன 1,500 மீட்டர் இறக்கம் இங்கேதான் ஆபத்தாகிறது. நீர்பிடிப்பு சிறியது, சரிவு செங்குத்து, பாறை தண்ணீரை உறிஞ்சாது. மேலே கொட்டும் மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். கீழே நிற்பவருக்கு வானம் வெளுத்திருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென வந்த வெள்ளத்தில் ஒரு மாணவர் உயிரிழந்தார். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ அளவு முடியட்டும் என்று நிற்கக் கூடாது, உடனே கரையேற வேண்டும்.

வீரகேரளம்புதூருக்குக் கீழே, முழங்காலுக்குக் குறைந்த ஆழத்தில், மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் ஆன பிறகு செய்யலாம். அங்கேயும் குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி மூன்றிலும் உபரிநீர் திறந்திருக்கிறார்களா என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேலையும் மாணவர்களுக்குக் கொடுக்கலாம், தண்ணீரில் இறங்கத் தேவையில்லை. மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் முறப்பநாட்டில், அதாவது சிற்றாறு சேர்ந்த பிறகு இருக்கிறது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் திறந்த நீரை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுத் தாமிரபரணியில் இவ்வளவுதான் வரும் என்று நினைப்பது தப்பு. கடனாநதியும் சிற்றாறும் அந்த அணைகளுக்குக் கீழேதான் சேர்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 மழையில் அணைகளில் வெளியேறியதோடு, அணைகளுக்குக் கீழே பெய்ததும் சேர்ந்துதான் மருதூர், ஸ்ரீவைகுண்டம் பக்கம் அப்படி மூழ்கியது. வெளியேறும் புள்ளியைச் சீவலப்பேரியில் வைத்து நீங்கள் இப்போது எடுத்த எல்லைக்குள் அந்த இரண்டு நாள் மழை அளவுகளைக் குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.